ஆறுக்குப் பதினாறு சரி. பதினாறுக்கு ஆறு சரியில்லை

வரைபடத்தில் அமெரிக்கக் கம்பி அளவில் 6 ஏடபிள்யூஜி என்று போட்டிருந்தால் 16 ஸ்கொயர், அதாவது 16 சதுர மில்லிமீட்டர், கேபிளை இழுக்கலாம். அதே வரைபடத்தில் 16 ஸ்கொயர் என்று போட்டிருந்தால் 6 ஏடபிள்யூஜி கேபிளை இழுக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதை ஹார்ட்வேர் கடையில் சொல்கிறேன். கூரையில் சோலார் மாட்டுகிற பையன்களிடம் சொல்கிறேன். சைபர்ஜெயாவில் வரைபடச் சுருளோடு வருகிற இன்ஜினியர்களிடமும் சொல்கிறேன். எல்லாரும் கைப்பேசியை எடுத்து ஓர் அட்டவணையைக் காட்டுகிறார்கள். ஒரு பக்கம் 6, எதிரில் 16. "ரெண்டும் ஒண்ணுன்னுதானே அண்ணே போட்டிருக்கு" என்கிறார்கள்.

போட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 6 ஏடபிள்யூஜி செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு 13.3 சதுர மில்லிமீட்டர். 16 எங்கே, 13.3 எங்கே? எண்ணளவில் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. பசாரில் ஒரு கிலோ வெங்காயத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்து நிறுத்தால் சும்மா விடுவோமா? அந்த இடத்திலேயே சண்டை பிடிப்போம். சுவருக்குள் போய் மறைகிற செம்பில் அதே அளவு குறைந்தால் மட்டும் யாருக்கும் கோபம் வருவதில்லை. எனக்கு வருகிறது.

டெங்கிலில் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். இந்த ஊருக்கும் அமெரிக்கக் கம்பி அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். லங்காட் ஆற்றோரத்து ஊர் இது, மலேசியாவின் சிப்பாங் மாவட்டம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான். புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், செட்ஜ்லி, கெல்லோவே, மேடிங்லி தோட்டத்துக் குடும்பங்கள் இங்கே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. பக்கத்திலேயே 1997-இல் சைபர்ஜெயா தொடங்கியது. செம்பனை நின்ற இடத்தில் இப்போது டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கேபிள் இழுக்கிறார்கள். அந்தக் கட்டடங்களுக்கு வருகிற கருவிகளும் வரைபடங்களும் பல சமயம் அமெரிக்கக் கணக்கில் வருகின்றன. கேபிள் வாங்குகிற கடை மெட்ரிக்கில் இருக்கிறது. நடுவில் நிற்பவன் ஸ்பேனரும் கிரிம்ப்பரும் பிடித்த எங்கள் பையன். மாற்றிக் கணக்குப் போடும் பொறுப்பை யாரும் அவனிடம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அது விழுவது அவன் தலையில்தான்.

டேட்டா சென்டரோடு முடியவில்லை. வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சோலார் இன்வெர்ட்டரின் கையேட்டில் ஏடபிள்யூஜி. பேட்டரியோடு வருகிற கேபிளில் ஏடபிள்யூஜி. கார் ஆடியோ கடையில் 4 கேஜ், 8 கேஜ். சீலிங்கில் ஓடுகிற கேட் 6 நெட்வொர்க் கேபிள்கூட 23 ஏடபிள்யூஜி. ஆன்லைனில் வாங்குகிற சிலிக்கோன் வயர் எல்லாமே ஏடபிள்யூஜி. வீட்டுக்காரர் அதை வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறார். "கேபிள் ரெடியா இருக்கு பாஸ், நீங்க வந்து மாட்டினா போதும்."

அமெரிக்க அளவின் மேல் எனக்குப் பகை இல்லை. கணக்காகப் பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு அது. 1857-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்து பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனம் அதை வகுத்தது. கம்பியை அச்சுத் துளைகளின் வழியே இழுத்து இழுத்து மெலிய வைப்பார்கள். இழுப்பு கூடக்கூட எண் ஏறும், கம்பி மெலியும். 36-ஆம் கேஜுக்கு விட்டம் 0.005 அங்குலம். நான்கு சுழி என்று சொல்கிற 4/0-க்கு 0.46 அங்குலம். இடையில் 39 படிகள், எல்லாப் படியும் ஒரே விகிதம். எண்ணில் மூன்று குறைந்தால் செம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்து குறைந்தால் பத்து மடங்காகும். 10 ஏடபிள்யூஜி செம்புக் கம்பி ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு ஓம். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தவன் காகிதம் இல்லாமலே கணக்குப் போட்டுவிடுவான்.

நம்முடையது வேறு கணக்கு. 1.5, 2.5, 4, 6, 10, 16, 25, 35, 50, 70, 95, 120 என்று போகும் வரிசையை ஐஇசி 60228 என்ற உலகத் தரம் வகுத்திருக்கிறது. அதில் 16 ஸ்கொயர் என்றால் வெட்டிப் பார்த்து அளக்கிற பரப்பு மட்டுமல்ல. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 1.15 ஓமுக்கு மேல் தடை இருக்காது என்ற உறுதி. 2.5 என்றால் 7.41 ஓம். 25 என்றால் 0.727 ஓம். ஆகவே இரண்டு கேபிள்களை நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் தடையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 6 ஏடபிள்யூஜியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 1.3 ஓம். அதாவது 16-ஐவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல். ஒரே கரண்ட் ஓடினால் சூடும் அதே அளவு கூடுதல். பரப்பை வைத்துப் பார்த்தாலும் தடையை வைத்துப் பார்த்தாலும் 16-க்கு 6 ஈடாகாது.

அப்படியானால் எல்லாரும் காட்டுகிற அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. அதில் பெரும்பகுதி கனெக்டர், டெர்மினல் செய்கிற கம்பெனிகளின் பட்டியல்களில் இருப்பது. இந்தத் துளைக்குள் 16 ஸ்கொயர் வரை நுழையும், அமெரிக்கக் கம்பியானால் 6 வரை நுழையும் என்று அவர்கள் சொல்கிறார்கள். துளையைப் பற்றிய பேச்சு அது. அந்த அளவில் முழுக்கச் சரி. அதைப் பிய்த்தெடுத்து, தலைப்பை மாற்றி, கரண்ட் தாங்கும் கணக்குபோல ஊர் முழுக்கப் பரப்பியவர்கள்தான் இந்த வினைக்குக் காரணம்.

அந்தப் பட்டியலை வரிசையாகப் பாருங்கள். 16 ஏடபிள்யூஜியில் இருப்பது 1.31, எதிரில் எழுதியிருப்பது 1.5. 14-இல் 2.08, எதிரில் 2.5. 12-இல் 3.31, எதிரில் 4. 10-இல் 5.26, எதிரில் 6. 8-இல் 8.37, எதிரில் 10. 4-இல் 21.2, எதிரில் 25. ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் சரிக்குச் சரி என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். வீட்டிலும் கடையிலும் புழங்குகிற இந்த அளவுகள் எல்லாவற்றிலும் அமெரிக்கக் கம்பிதான் மெலிது. ஆகவே அமெரிக்க வரைபடத்துக்கு நம் கேபிளைப் போட்டால் செம்பு கூடும், பயமில்லை. நம் வரைபடத்துக்கு அமெரிக்கக் கேபிளைப் போட்டால் ஒவ்வொரு முறையும் குறையும்.

பெரிய அளவுகளில் இந்த ஆறுதலும் இல்லை. 4/0-க்கு மேல் அமெரிக்கர்கள் எண்ணை விட்டுவிட்டு கேசிமில் என்ற கணக்குக்குப் போய்விடுவார்கள். 250 கேசிமில் என்றால் 126.7 சதுர மில்லிமீட்டர். கிட்டத்தில் இருக்கிறதே என்று 120-ஐ இழுத்தால் குறைந்துவிடும். 150-க்குப் போக வேண்டும். 500 கேசிமில் என்றால் 253. கடையில் 240 இருக்கிறது என்று அதை ஏற்றினால் அங்கேயும் குறைவு, அடுத்தது 300. எல்லா ஜோடியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. 2 ஏடபிள்யூஜியும் 35-ம் தடையில் ஏறக்குறைய ஒன்றுதான். 2/0-வும் 70-ம் அப்படியே. அதனால்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். கிட்டத்தில் இருப்பதை எடுப்பது கணக்கல்ல. குறையாததை எடுப்பதுதான் கணக்கு.

"அமெரிக்காக்காரன் இதை வச்சுத்தானே வீடு கட்றான், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு வாதம் வரும். அமெரிக்காக்காரன் அந்தக் கம்பிக்கு என்ன பிரேக்கர் போடுகிறான் என்று பார்த்தார்களா? அவர்களுடைய தேசிய மின் விதிப்புத்தகம் சாதாரண வீட்டு வயரிங்கில் 14-ஆம் கேஜ் செம்புக்கு 15 ஆம்பியர், 12-க்கு 20 ஆம்பியர், 10-க்கு 30 ஆம்பியர் என்று வரம்பு கட்டியிருக்கிறது. நம் ஊரில் 2.5 ஸ்கொயரில் 20 ஆம்பியர் எம்சிபி மாட்டுகிறோம். 4 ஸ்கொயரில் 32 வரை போகிறோம். அட்டவணையை நம்பி 2.5-க்குப் பதில் 14-ஐ இழுத்து 20 ஆம்பியர் எம்சிபியை அப்படியே விட்டால், நம் கணக்கும் மீறியாயிற்று, அமெரிக்கக் கணக்கும் மீறியாயிற்று. 4-க்குப் பதில் 12-ஐ இழுத்து 32-ஐ மாட்டினால் அமெரிக்கன் 20-க்கு மேல் அனுமதிக்காத கம்பியில் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏற்றுகிறோம். அவர்களிடமிருந்து கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு விதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் எப்படி?

இப்போது மின்சாரக் கார் சார்ஜர் வேறு வீட்டுக்கு வீடு வருகிறது. 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். கெட்டில்போல ஐந்து நிமிடத்தில் நின்றுவிடாது. இரவு முழுக்க இழுக்கும். 6 ஸ்கொயர் போட வேண்டிய இடத்தில் 10 ஏடபிள்யூஜி போதும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நீண்ட நேரம் ஓடுகிற சுமைக்குக் கால் பங்கு கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. 32-க்கு 40 ஆம்பியர் வரும். 10-ஆம் கேஜ் அங்கே தேறாது. 8-ஆம் கேஜுக்குப் போக வேண்டும். அவர் காட்டிய அட்டவணையில் இந்த விவரம் ஒரு வரிகூட இல்லை.

கம்பியின் எண் மட்டும் கரண்டைச் சொல்லாது என்பதும் பலருக்குப் புரிவதில்லை. ஒரே 6 ஏடபிள்யூஜி செம்புக்கு அமெரிக்கப் பட்டியலில் மூன்று விடைகள் இருக்கின்றன. காப்பு 60 டிகிரி தாங்குவதென்றால் 55 ஆம்பியர், 75 டிகிரி என்றால் 65, 90 டிகிரி என்றால் 75. விற்கிறவர் இதில் பெரிய எண்ணை மட்டும் பெட்டியில் அச்சடிப்பார். நம் வீடுகளில் ஓடுகிற சாதாரண பிவிசி கேபிள் 70 டிகிரிக்கு ஆனது. அதோடு, அந்தப் பட்டியல்கள் எல்லாம் சுற்றுவெப்பம் 30 டிகிரி என்று வைத்துப் போட்டவை. சிலாங்கூரில் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுக் கூரைக்கடியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே 30 டிகிரி கிடையாது. சோலார் கேபிள் ஓடுவது அந்தக் கூரையில்தான். ஏற்கெனவே செம்பு குறைந்த கம்பி அங்கே இன்னும் குறைவாகத்தான் தாங்கும்.

என்னை மிகவும் வாட்டுவது லக் விஷயம். கேபிள் முனையில் மாட்டி அழுத்துகிற செம்புக் குழாய்தான் லக். கடையில் கிடைப்பது 16, 25, 35, 50 என்று மெட்ரிக் லக். 21.2 செம்பு இருக்கிற 4 ஏடபிள்யூஜியை 25 லக்கில் விட்டு 25 அச்சில் அழுத்தினால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இழைகள் இறுகியிருக்காது. அந்த இடைவெளியில் தடை கூடும், தடையால் சூடு கூடும், சூட்டால் செம்பு கறுக்கும், கறுத்ததால் தடை மேலும் கூடும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் நடக்கிற வேலை இது. எம்சிபிக்கும் தெரியாது, ஆர்சிசிபிக்கும் தெரியாது. கரண்ட் வரம்பு மீறினால் எம்சிபி விழும், கசிந்தால் ஆர்சிசிபி விழும். இணைப்பு சூடானால் எதுவும் விழாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பேட்டரிக்கு வருகிற 1/0 கேபிள் 53.5 சதுர மில்லிமீட்டர். அதுவும் மயிரிழைபோன்ற நுண்ணிழைகளாக இருந்தால் கட்டே பருமனாக இருக்கும். 50 லக்கில் நுழையாது. நுழையவில்லை என்றால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஓரத்து இழைகளைக் கட்டரால் நறுக்கிவிட்டு நுழைக்கிறார்கள். மேலே கறுப்பு ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய செம்பை, கரண்ட் முழுவதும் போய்ச் சேர வேண்டிய முனையிலேயே வெட்டி எறிகிறார்கள். அந்தப் பையனைத் திட்டினால் அவன் சொல்வது: "டப்பால 50-ன்னுதான் அண்ணே போட்டிருந்துச்சு." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டப்பாவில் எழுதியவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆன்லைன் கடைகளில் இன்னொரு கொடுமை. கேஜ் எண்ணைப் போடுகிறார்கள், அதன் எதிரில் ஒரு ஸ்கொயர் எண்ணையும் போடுகிறார்கள், உள்ளே இரண்டுமே இருப்பதில்லை. தடித்த ரப்பர், நடுவில் மெலிந்த கம்பி. அதுவும் செம்பல்ல, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அலுமினியம் செம்பைப்போலக் கரண்டைக் கடத்தாது, செம்பின் திறனில் 61 விழுக்காடுதான். பூச்சைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். கையில் தூக்கினாலே கனம் இருக்காது. வீட்டுக்காரரிடம் காட்டினால், "நட்சத்திரம் அஞ்சு போட்டிருக்காங்களே" என்கிறார். வாங்கிய மறுநாள் நட்சத்திரம் போட்டவருக்குக் கேபிள் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்?

நிற விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்க வயரிங்கில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். நம் பழைய வீடுகளின் சுவருக்குள் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். அளவு மாற்றத்தில் தவறினால் சூடாவதற்குக் காலம் பிடிக்கும். நிறத்தில் தவறினால் கை வைத்த கணமே. அமெரிக்கக் கருவியோடு வந்த கறுப்பு வயரை நம் கறுப்போடு சேர்க்கப் போன கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

இந்த மாதிரி அளவு மாற்றம் நமக்குப் புதிதும் அல்ல. எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர்கள் பிரிட்டிஷ் அங்குலக் கேபிளில் பழகியவர்கள். "செவன் ஓ டூ நைன்" என்பார்கள். 0.029 அங்குல விட்டத்தில் ஏழு இழைகள் என்று பொருள். 1970-ஐ ஒட்டி பிரிட்டனில் கேபிள் மெட்ரிக் ஆனது. மலேசியாவில் எடைகள், அளவைகள் சட்டம் 1972-இல் வந்தது. 7/.029 இருந்த இடத்துக்கு 2.5 ஸ்கொயர் வந்தது. 7/.036-க்கு 4, 7/.044-க்கு 6. அந்தப் பழைய ஏழிழைக் கேபிளில் செம்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர், புதியதில் 2.5. அப்போதும் செம்பு குறையத்தான் செய்தது. ஆனால் புதிய கேபிளோடு அதற்கென்று புதிய கரண்ட் பட்டியலும் சேர்ந்து வந்தது. கேபிள், லக், பட்டியல், பயிற்சி எல்லாம் ஒன்றாக மாறின. இப்போது கேபிள் மட்டும் தனியாக வந்து இறங்குகிறது. மற்றதெல்லாம் எங்கே என்று கேட்க ஆளில்லை.

தமிழ்நாட்டிலும் இதே தலைவலி வேறு உருவில் உண்டு. கோயம்புத்தூரில் பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர் 22 கேஜ் என்று கேட்டால் அது 1884-இல் பிரிட்டன் சட்டமாக்கிய எஸ்டபிள்யூஜி கேஜ். விட்டம் 0.711 மில்லிமீட்டர். அமெரிக்க 22 கேஜுக்கு விட்டம் 0.644. எண் ஒன்று, கம்பி வேறு. செம்பில் சுமார் 18 விழுக்காடு குறைவு. ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வருகிற தம்பிகள் கேஜ் என்றதும் அந்த எஸ்டபிள்யூஜியை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறார்கள். அமெரிக்கக் கையேட்டைப் பார்த்துவிட்டு அதே பழக்கத்தில் கம்பியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த கேஜ் என்று கேட்டுத் தெளிவது அவமானமல்ல என்று அவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் கடைசியில் யார் பெயர் மாட்டுகிறது? 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கும் நிறைவுக்கும் போராங் ஜி என்ற படிவம், சோதனைக்கு போராங் எச். அதில் கையெழுத்துப் போடுவது சான்றிதழ் பெற்ற வயர்மேன். வரைபடத்தை அமெரிக்க எண்ணில் விட்டுச் சென்ற கன்சல்டன்ட் அதில் கையெழுத்துப் போடுவதில்லை. கேபிளைத் தள்ளுபடியில் விற்ற ஆன்லைன் கடைக்காரர் போடுவதில்லை. அட்டவணை போட்டவருக்கு முகமே கிடையாது. ஏதேனும் பற்றிக்கொண்டால் எரிசக்தி ஆணையமான சுருஹஞ்ஜாயா தெனாகாவின் அதிகாரி வந்து கேட்பது எங்களைத்தான். வீட்டுத் தீவிபத்துகளில் மின்கோளாறைப் பற்றித் தீயணைப்புத் துறையான பொம்பா திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்டு வருத்தப்படுகிறவர்கள், கேபிள் அளவை எழுதும்போது மட்டும் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறார்கள்?

நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. இந்த நாட்டில் கட்டப்படுகிற கட்டடத்துக்கு வரைபடம் கொண்டுவருகிறவர்கள் ஸ்கொயர் அளவை வரைபடத்திலேயே எழுதிக் கொண்டுவரட்டும். மாற்றும் கணக்கை அலுவலகத்தில், படித்த இன்ஜினியர், வெளிச்சத்தில் உட்கார்ந்து போடட்டும். இரவு பதினொரு மணிக்கு ஷட்டவுன் நேரத்தில் எங்கள் பையன் கைப்பேசி வெளிச்சத்தில் அதைத் தேடக் கூடாது. கேபிள் விற்கிறவர்கள் இழை எண்ணிக்கை, இழை விட்டம், கிலோமீட்டருக்கு எத்தனை ஓம் என்ற மூன்றையும் எழுதட்டும். எழுத முடியாத கேபிளை விற்க வேண்டாம். வயர்மேன் பயிற்சி தருகிற நிலையங்கள் இந்த மாற்றத்தைத் தனிப் பாடமாகவே வைக்கட்டும். சைபர்ஜெயாவில் வேலை வாங்கித் தருகிறோம் என்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அங்கே தினமும் கண்ணில் படுகிற அளவைப் பற்றி ஒரு வகுப்புகூட எடுக்காமல் அனுப்புவது நியாயமா?

வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அட்டவணையை மறந்துவிடுங்கள். ஓர் இழையை வெளியே எடுங்கள், வெர்னியரில் விட்டத்தை அளங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, இழைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். நம் கடையில் கிடைக்கிற 2.5 ஸ்கொயர் ஏழிழைக் கேபிளில் ஓர் இழை 0.67 மில்லிமீட்டர், பெருக்கினால் 2.47 வரும். 4 ஸ்கொயரில் 0.85, 6 ஸ்கொயரில் 1.04. எந்த நாட்டுக் கேபிளாக இருந்தாலும் இந்தக் கணக்குப் பொய் சொல்லாது. வருகிற எண் கேட்ட அளவைவிடத் தெளிவாகக் குறைந்தால், அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள். அப்படிப் போகும்போது அதற்குச் சரியான லக்கையும் அச்சையும் வாங்குங்கள், டெர்மினல் அந்தக் கேபிளை ஏற்குமா என்று பாருங்கள். பாஸ் அவசரப்படுத்தினால், வேலை நிற்கட்டும். நின்ற வேலையை மறுநாள் தொடரலாம்.

வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு. கேபிளை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். வயர்மேனிடம் விடுங்கள். அல்லது வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேபிள் தோலில் அளவு ஸ்கொயரில் அச்சாகியிருக்கிறதா, எம்எஸ் 2112 போன்ற மலேசியத் தரத்தின் எண் இருக்கிறதா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மின் கேபிள் கண்டபடி விற்கக்கூடிய பொருள் அல்ல. சுருஹஞ்ஜாயா தெனாகாவின் ஒப்புதல் வேண்டிய பொருள். முத்திரை இல்லாத கேபிளில் ஐம்பது ரிங்கிட் மிச்சம் பிடித்துவிட்டு, நான் மாட்ட மறுத்தால் என்மேல் கோபப்படுகிறீர்கள். கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்தக் கேபிளை நான் மாட்ட மாட்டேன். மாட்டுகிற ஆளைத் தேடிப் பிடித்தாலும், போராங் ஜி-யில் கையெழுத்துப் போடத் தயாரா என்று அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.